ரெண்டாம் கியர்ல வந்த சத்தம்

ஒனக்கு எதுக்குடா பேராண்டி அந்தக் கதையெல்லாம்? ஒன் ஓட்டக் காரு மேட்டுல ஊளையிடுது, ரெண்டாம் கியருல கோளாறுன்னு சொன்னேன். கராஜுக்குக் கொண்டுபோறத விட்டுட்டு, ஸ்டேரிங்கத் தொடாத கெழவிக்கு எப்படித் தெரியும்னு வந்து நிக்கிற. பள்ளிக்கூடத்துல ஆவன்னா வர்றதுக்குள்ள ஆட்டுக்குப் புல்லறுக்கப் போனவதான் நான். அதுக்காகக் காதையுமா அறுத்துட்டாங்க? ஒக்காரு, சொல்லித் தொலைக்கிறேன்.

என்னைப் பெத்த கையோட எங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. வளத்தது சின்னம்மா. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல ஒரே கம்பளிக்குள்ள படுப்போம். குளிருச்சுன்னா என் காலை அவங்க காலுக்கு நடுவுல சொருகிக்குவேன். அவங்களுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரேயடியா இந்தியா போகச் சொல்லி கவருமெண்டுக் கடதாசி வந்துச்சு. மாமாவுக்கும் எனக்கும் வரல. எனக்கு இந்தியான்னா பட்டிப்பொல மாதிரி பக்கத்துல ஒரு ஊரு. ரயில் கோச்சில போவாங்க, வருவாங்க.

சித்தப்பா மூட்டையோட காலை பஸ்ஸுலயே அட்டன் ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. சின்னம்மாவ அவங்க அண்ணன், அதான் மாமா, கார்ல கொண்டுபோய் விடுறதா ஏற்பாடு. டிக்கோயாவுல ஒரு கடைக்காரரோட பழைய கார அவரு ஹயருக்கு ஓட்டிட்டிருந்தாரு. பின் சீட்டுல வாளி, அம்மிக்கல்லு. அம்மிக்கல்லக் கப்பல்ல ஏத்துவாங்களான்னு ஒருத்தரும் கேக்கல. சின்னம்மா முன்னால. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல, கியர் தடிக்குப் பக்கத்துல இருந்த மேட்டுல.

வண்டி கெளம்பி மேடு ஏறுனதும் காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி ஒரு இரைச்சல். மாமா நிறுத்தி எறங்கிட்டாரு. பானெட்டத் தூக்கி, ஃபேன் பெல்ட்டுதான்னு சொல்லி ஓடைத் தண்ணிய அள்ளி ஊத்துனாரு. அடுத்த வளைவுல மறுபடி நிறுத்தி, டைனமோவா இருக்கும்னாரு. அதுக்கடுத்த வளைவுல டயர்ச் சில்லு ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்தாரு. அந்தக் கோச்சிய விட்டா கப்பலும் போச்சுன்னு ஊருக்கே தெரியும். சின்னம்மா என் காலைப் புடிச்சுக்கிட்டு மலையவே பாத்துட்டு இருந்தாங்க. நான் முறுக்கு தின்னுட்டிருந்தேன்.

மறுபடி பானெட்டத் தூக்குனாரு. எனக்குப் பொறுக்கல. எட்டிப் பாத்துச் சொன்னேன்.

"மாமா, அங்க என்னத்தத் தேடுறீங்க? சத்தம் என் குண்டிக்குக் கீழ வருது. ரெண்டாம் கியர்ல போட்டா கத்துது, மூணுக்கு மாத்துனா நின்னுருது."

கெட்டிக்காரின்னு சொல்லுவாருன்னு பாத்தா, எண்ணெய்த் துணிய வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. சின்னம்மா எறங்கிப் போயி அந்தத் துணிய அவரு கையில இருந்து வாங்குனாங்க. அவங்களே பானெட்ட மூடுனாங்க.

"அண்ணே, புள்ளைக்கே தெரிஞ்சுபோச்சு. வண்டிய எடுங்க."

அப்பறம் ஒரு எடத்துலயும் நிக்கல. கோச்சி கெடச்சிருச்சு. சின்னம்மா என் காதைத் தடவிக் குடுத்துட்டு ஏறுனாங்க. அம்மிக்கல்லு மட்டும் எங்ககூடத் திரும்பி வந்துச்சு.

வர்ற வழியெல்லாம் அதே இரைச்சல். மாமா திரும்பிக்கூடப் பாக்கல. நிறுத்திப் பாக்கலையான்னு கேட்டேன். கியர் பல்லு தேஞ்சு ரெண்டு மூணு மாசமாச்சு, அது பாட்டுக்கு ஓடும்னாரு. தெரிஞ்ச கோளாறுக்குக் காலையில எதுக்கு வளைவுக்கு வளைவு தேடுனாருன்னு எனக்கு வெளங்கல. பாவம், மாமாவுக்கு மறதின்னு நெனச்சேன்.

சாயங்காலம் மலைத்தண்ணி கொட்டுற பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனா, லயத்துப் பொம்பளைங்க எல்லாம் கொடத்த வச்சுட்டு என்னையவே பாத்தாங்க. சின்னம்மா போயிட்டாளான்னு ஒரு அக்கா மெதுவாக் கேட்டாங்க. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன்:

"போயிட்டாங்க. வண்டிக் கோளாறக் கண்டுபுடிச்சதே நான்தான். இனி அவங்க திரும்பி வர்றப்ப எங்கயும் நிக்காமக் கூட்டியாந்துருவோம்."