பிஸ்டல் என்று எழுதிய லைசென்ஸ்

அந்த வருடம் எங்கள் வீட்டில் தேர்தலுக்காக ஏங்கியது பெரியம்மா ஒருத்திதான். யார் நிற்கிறார், யார் ஜெயிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. தேதி அறிவித்துவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பெரியப்பாவிடம் ஒரு ரிவால்வர் இருந்தது, அவருடைய அப்பா வழியாக வந்தது.

பெரியப்பாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன், மணிமுத்தாறு அருவியில் மூழ்கிச் செத்துப்போய் அப்போது மூன்று மாதம். அதிலிருந்து பெரியப்பா தினமும் பீரோவைத் திறந்து ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பீரோ சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டுப் பெரியம்மா ஓடி வருவாள். சேலை எடுக்க வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குத் துப்பாக்கி பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த அண்ணன் சொன்னதுதான். "ஏட்டி, உருளை சுத்துச்சுன்னா ரிவால்வர். பிடிக்குள்ள தோட்டாவச் சொருகுனா பிஸ்டல். ரெண்டு தோட்டாவுக்கும் முப்பத்திரண்டுன்னே பேரு இருக்கும். மாத்திப் போட்டுச் சுட்டா கை போயிரும்" என்பான். பத்து வயதில் என்னிடம் இருந்த ஒரே அபூர்வ அறிவு அது. அதைக் காட்ட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

தேதி அறிவித்ததும் மூன்று பேரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். அது ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பெரியப்பா உருளையைத் திறந்து, ஆறு குழியும் காலி என்று காட்டி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி மேஜையில் வைத்தார். தோட்டா டப்பா பெரியம்மாவின் பையில். ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் ரைட்டர் லைசென்ஸைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பிஸ்டல் ஒண்ணு."

"இது பிஸ்டல் இல்ல சார், ரிவால்வர்" என்றேன்.

எத்தனையோ தேர்தலாக ஒருவர் கண்ணிலும் படாத பிழை. பேனா நின்றுவிட்டது.

"பாப்பா சொல்லுதது சரிதான். அண்ணாச்சி, புஸ்தகத்துல ஒண்ணு இருக்கு, கையில ஒண்ணு இருக்கு. நான் வாங்கி வச்சா நாளைக்கு என் தலையிலல்லா விடியும்? கலெக்டர் ஆபீஸ்ல திருத்திக்கிட்டு வாங்க."

வெளி ஆண்களிடம் ஒரு வார்த்தை பேசாத பெரியம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, ரசீதுகூட வேண்டாம். சும்மா வச்சிக்கிடுங்க. இத வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீங்கய்யா."

"பயப்படாதீங்கம்மா, காலியாத்தான் இருக்கு" என்று ரைட்டர் சிரித்தார். பெரியம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது.

திரும்பும்போது பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். ஆற்றைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ரூபாய் போட்டுக் கும்பிடுவது அவள் வழக்கம். அன்று தோட்டா டப்பாவைப் போட்டாள்.

"போலீஸ்ல கணக்குக் கேப்பானே" என்றார் பெரியப்பா.

"என்னயப் பிடிச்சுக் குடுங்க. நான் ஜெயிலுக்குப் போறேன். நீங்க இருக்கணும்லா."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லைசென்ஸில் பிஸ்டல் என்று இருந்ததால் கடையில் பிஸ்டல் தோட்டாவைக் கொடுத்துவிட்டார்கள். பெரியப்பாவின் கை போய்விடுமே என்றுதான் பெரியம்மா எறிந்துவிட்டாள். கிள்ளு வாங்கினாலும் அண்ணன் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்று பெருமையாக இருந்தது.

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு, எதுக்குப் பெரியப்பா அழுவுதீங்க?" என்று கேட்டேன்.