தானாக நிற்கும் பிரஸ்

விசாரணை அறையின் மேசைமேல் ஒரு சாண் நீளச் சிவப்பு ஒயர் கிடந்தது. எங்கள் தொழிற்சங்கச் செயலாளர் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளராகச் சேர்ந்த புதிது. தகட்டை வளைக்கும் பெரிய பிரஸ்ஸின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. குறுக்கே கை வந்தால் சென்சார் இயந்திரத்தை நிறுத்திவிடும். அந்தச் சென்சாரை ஏமாற்றி வேலையை வேகமாக்கத்தான் ஒயர். அப்படி ஓடிய ஒரு காலை ஷிப்டில், பத்து மணிவாக்கில், திருவாரூரிலிருந்து வந்திருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார்.

அவரே ஒயரைக் கட்டிக்கொண்டார் என்றது நிர்வாகம். மேலாளர் கட்டச் சொன்னார் என்று சாட்சி சொல்லும்படி செயலாளரிடம் சங்கத்தின் தலைமை கூறியிருந்தது. முதலாளியின் அவசரம்தான் தொழிலாளியைக் கொல்கிறது என்று வாயிற்கூட்டங்களில் பேசியவர் அவர். அதை மனதார நம்பியவர். விசாரணை அதிகாரி கேட்டதும் எழுந்து நின்றார்.

“நான்தான் கட்டுனன் சார். யாரும் சொல்லல. போர்டுல டார்கெட் மட்டும் எழுதி வச்சாங்க. பசங்க திட்டு வாங்கக் கூடாதுன்னு நானே கட்டுனன்.”

அதிகாரி முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார். செயலாளருக்கு வேலை போயிற்று. வழக்கில் தண்டனையும் கிடைத்தது. சங்கம் அவரை நீக்கியது. தன் கணவர்மேல் தவறில்லை என்ற தாளை வாங்கிக்கொண்டு இறந்தவரின் மனைவி ஊர் திரும்பினார். செயலாளர் நம்பியதும் பொய்யில்லை, சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் ஏன் ஒரே தாளில் ஏறவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.

சென்சாரைச் சரிசெய்த பிறகு பிரஸ் தானாக நிற்க ஆரம்பித்தது. பெரும்பாலும் காலை பத்து மணிக்கு. பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து சென்சாரை இரண்டு முறை மாற்றினார்கள். பழுது ஒன்றும் இல்லை. ஒருநாள் அருகில் போய்ப் பார்த்தேன். எதிரே ஆளில்லை. சென்சாரில் வரிசையாக எரியவேண்டிய பச்சை விளக்குகளில், இரண்டு கைகளின் அகலத்துக்கு மட்டும் அணைந்திருந்தன.

இப்போது நான் ஷிப்டுக்குப் பொறுப்பாளர். போன மாதம் மேலாளர் குரலைத் தாழ்த்தி, “ரொம்ப நிக்குதும்மா, நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்க” என்றார். என்ன செய்யவேண்டும் என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை தக்காளி மண்டியில் செயலாளரைப் பார்த்தேன். கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“அந்த பிரஸ் இன்னும் நிக்குதாம்மா?”

“நிக்குதுண்ணா.”

“நிக்கட்டும். அதும் போக்குல விட்டுரு.”

மறுநாள் பத்து மணிக்கு அது நின்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அணைந்த விளக்குகள் தாமாக எரியும்வரை யாரையும் அருகே விடவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று.