அளவெடுக்காத சட்டை

துணி வெட்டும்போது என் பெரியப்பா மகன் மேசையைச் சுற்றி நடந்துகொண்டேயிருப்பார். வயது ஐம்பத்தெட்டு. தையற்கடை வைத்து முப்பத்தோராண்டு. நாளுக்கு ஒன்பது தேநீர். ஒன்றையும் முழுதாகக் குடித்ததில்லை. தெருவில் போகிறவரின் தோளகலத்தைக் கண்ணாலேயே எடுத்துவிடுவார். ஆனாலும் நாடா வைத்து அளக்காமல் எவருக்கும் தைப்பதில்லை. அளவுக்கென்று பழைய சட்டையை நீட்டுகிறவர்களிடம், "சட்டைக்குத் தைக்கவா, உங்களுக்குத் தைக்கவா?" என்பார். அண்ணி பிரார்த்தனைக் கூடத்துக்குள் இருக்கும் நேரமெல்லாம் வாசலில் உலாத்துவார். கேட்டால், "வீட்டுக்கு ஒரு ஆள் கடவுள்கிட்ட கேட்டாப் போதாதா?"

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடல் கடந்த நாடொன்றில் தொழிலாளர் விடுதி தீப்பிடித்து நாற்பத்தாறு பேர் மாண்டதாகக் கடை வானொலி சொன்னது. "பாவம்" என்றார். கத்தரி நிற்கவில்லை.

வியாழனன்று எதிர் சலவைக்கடைப் பெண் கைபேசியோடு வந்தாள். அவள் தம்பி தங்கியிருந்தது அந்த விடுதியில்தான்; தீக்குப் பின் அவனிடமிருந்து தகவலில்லை. இறந்தவர்களில் அடையாளம் தெரியாத ஒருவரின் சட்டைக் காலரைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"என் தையல்தான், தங்கச்சி."

அவள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் இவருக்கு மற்றது நினைவுக்கு வந்தது. விடுமுறைக்கு வந்த அவள் தம்பி ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்து வாங்கிப் போனான், ஒன்று அறைத்தோழனுக்கு. "அவனும் என் சைஸ்தாண்ணே" என்று அவன் கெஞ்சியதில், வாழ்நாளில் ஒரே ஒருமுறை அளவெடுக்காமல் தைத்திருந்தார். இது எவனுடையதென்று தைத்தவராலேயே சொல்ல முடியவில்லை.

அடுத்த நாட்களில் கடையில் வேலை ஓடவில்லை. ஒரு கால்சட்டைக்கு இரண்டு இடக்கால் வெட்டினார். விசாரிக்கவென்று சலவைக்கடைக்குப் போவார். கேட்க வாய் வராமல், குவிந்துகிடந்த துணிகளில் பத்தைத் தேய்த்து வைத்துவிட்டுத் திரும்புவார். சனிக்கிழமை அண்ணியோடு கூடத்துக்குள் நுழைந்தவர் பத்தே நிமிடத்தில் வெளியே வந்தார்.

"என்னத்தடா கேக்கிறது?" என்றார் என்னிடம். "செத்தது இவனா இருக்கக் கூடாதுன்னு கேட்டா, அவனா இருக்கட்டும்னு கேட்ட மாதிரி ஆகுதே. அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்ல?"

மறுபடி உள்ளே போனார். கூடம் மூடும்வரை வரவில்லை.

திங்களன்று தம்பியே மருத்துவமனையிலிருந்து பேசினான். புகையில் மயங்கிக் கிடந்தவனுக்கு நினைவு திரும்பிவிட்டது, கையில் மட்டும் தீக்காயம். இறந்தவன் அறைத்தோழன். சலவைக்கடையில் தெருவே கூடிச் சிரித்து அழுதது. இவர் கைபேசியை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய், இறந்த பையனுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அநாதை விடுதியில் வளர்ந்தவனாம். தேடி வர ஒருவருமில்லையாம்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். எங்கள் குடும்பத்துப் பிறப்பு இறப்புகளைக் குறித்துவைக்கும் நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் அந்தப் பையனின் பெயரை எழுதச் சொன்னார். உறவுமுறை என்னவென்று எழுதுவது என்றேன்.

"தம்பின்னு போடு."

எழுதினேன். காலியாகக் கிடந்த வயதுக் கட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்து, கைபேசியில் கேட்டுவைத்திருந்ததைச் சொல்லி, நான் நிரப்பும்வரை எடுக்காமல் நின்றார்.

இருபத்து மூன்று.