கொத்தமல்லி வண்டியில் வந்த ஆறாம் லைன்

வாணிக்கு ரயில் ஏறினால்தான் பொழுது விடியும். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளம்பும் வண்டியில் பெண்கள் பெட்டிக்கு, அதில் வேலைக்குப் போகிறவர்கள் வைத்த பெயர் கேஜ். வாணியின் அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிய கூண்டுக்கும் அதே பெயர்தான். சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா வீட்டோடு கிடந்தார். மகள் பத்தொன்பது வயதில் ஒயிட்ஃபீல்டு பக்கத்துத் தையல் கம்பெனிக்குப் போனவள், இன்றுவரை போய்க்கொண்டே இருக்கிறாள். சும்மாவா போனாள்? மேனேஜர் மனோகரிடம் மல்லுக்கட்டி, தங்கவயல் பெண்கள் இருபத்திரண்டு பேரையும் ஒரே மெஷின் வரிசையில், ஆறாம் லைனில், உட்கார வைத்தாள். ஒன்றாக வருகிறோம், ஒன்றாகத் தைக்கிறோம், இதிலென்ன தப்பு என்பது அவள் கட்சி. ரயில் லேட்டானால் லைனே காலியாகிவிடுமே என்று மனோகர் தலையில் அடித்துக்கொண்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அழுத்தக்காரி.

ஆறாம் லைன் தைத்ததெல்லாம் அமெரிக்காவுக்கு. ஆகஸ்டில் அந்த நாடு இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி போட்டதும் ஆர்டர் நின்றது. வாரத்தில் பாதி நாள் சம்பளமில்லாத லீவு. கேஜில் அன்றாடம் இதே பேச்சு.

"அவன் நம்ம துணிக்கு வரி போட்டா, நாமளும் அவன் சாமானுக்குப் போடணும். அப்பதான் அடங்குவான்" என்றாள் பவ்யா, லைனிலேயே சின்னவள்.

"போட்டா அவனுக்கு இன்னா நட்டம்? துணிய வேற நாட்டுல வாங்கிக்குவான். லீவுல குந்தறது நாமதானே" என்றாள் வாணி.

"அப்போ வரியே வேணாம்ன்றியாக்கா?"

"எனக்கு மெஷின் ஓடணும், அவ்ளோதான்."

ஓடுவதற்கு ஒரே ஒரு வழி வந்தது. பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் அங்கே நம் துணிக்கு வரி இல்லையாம். அதை நம்பி துணி வாங்கும் லண்டன் கம்பெனி அம்மா ஒருவர் ஆறாம் லைனைப் பார்க்க வருவதாகச் சேதி. வெள்ளிக்கிழமை காலை வருவார், மதியம் விமானம் ஏறிவிடுவார். பிடித்தால் ஆர்டர். இல்லையென்றால் லைனை மூடிவிடுவதாக மனோகர் பச்சையாகவே சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் ரயில் பாதி வழியில், மாலூரில் படுத்துக்கொண்டது. சிக்னல் கோளாறாம். நகருகிற வழியாக இல்லை. வாணிக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற லைன்களில் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வருவார்கள். ஒருத்தி பிந்தினால் இன்னொருத்தி இருப்பாள். இங்கே லைன் மொத்தமும் ஒரே பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்தது. தன் பிடிவாதமே அத்தனை பேர் பிழைப்புக்கும் உலை வைத்துவிட்டது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் எறங்குங்க" என்றாள்.

"எறங்கி?" என்று கேட்டாள் பக்கத்து மெஷின்காரி மாலா. எதற்கும் முதலில் பயப்படுகிறவள் அவள்தான்.

"ரோட்டுல எது வருதோ அதுல ஏறுவோம்."

வந்தது, பாதி லோடு கொத்தமல்லிக் கட்டோடு ஒரு டெம்போ. டிரைவரிடம் வாணி தெலுங்கில் கெஞ்சினாள், கன்னடத்தில் மிரட்டினாள், தமிழில் கும்பிட்டாள். எதற்கு மசிந்தாரோ, பின்கதவைத் திறந்துவிட்டார். பெண்கள் கட்டுகளுக்கு நடுவே முண்டியடித்து ஏறி, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். டெம்போ காடுகோடி ரோட்டில் பறந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கூச்சல். மாலாவே சிரித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்திலா சந்தோஷத்திலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

லண்டன் அம்மா ஏற்கெனவே உள்ளே வந்து, காலி மெஷின்களைப் பார்த்தபடி நின்றார். மனோகர் முகத்தில் ஈயாடவில்லை. தலையில் இலையும் தழையுமாக ஓடிவந்து உட்கார்ந்தார்கள் பெண்கள். மெஷின்கள் ஒன்றாக உறுமின. காலர், கை, பொத்தான் என்று சட்டை கைமாறிக் கைமாறிப் போயிற்று. யாரும் யாரையும் ஏவவில்லை. முடிந்த சட்டையை அந்த அம்மா வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். பிறகு, இதென்ன கொத்தமல்லி வாசனை என்று சட்டையை முகர்ந்து பார்த்தார். மனோகர் பெண்களிடம் கேட்டு டெம்போ கதையை ஆங்கிலத்தில் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆர்டர் கிடைத்துவிட்டது. பவ்யா மாலாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். வாணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இனித் தைக்க வேண்டிய மாதிரிச் சட்டையை அந்த அம்மா அவள் கையில் கொடுத்தார். வாணி உள்பக்கத்தைப் புரட்டினாள். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. கழுத்துப் பட்டியில் பங்களாதேஷ் என்று போட்டிருந்தது.

"நல்லாத்தானே தெச்சிருக்காங்க. அவங்கள ஏன் விட்டுட்டாங்களாம்? கேளுங்க சார்."

மனோகர் கேட்டுவிட்டுச் சொன்னார். "இத்தனை நாளா லண்டன்ல அவங்களுக்கு வரி இல்ல, நமக்கு இருந்தது. இனிமே நமக்கும் இல்லாம போயிடும். நம்ம ரேட்டும் கம்மி. அவ்ளோதான் வாணி."

"இன்னாக்கா அப்டி பாக்கற?" என்றாள் மாலா.

"இத்த தெச்சவ இனிமே இன்னா பண்ணுவா?"

மனோகர் கைதட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னார். வாணி அந்தச் சட்டையைப் பக்கத்தில் விரித்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து முதல் காலரைத் தைக்க ஆரம்பித்தாள்.