முதுகு மண்ணைத் தட்டிவிடுபவன்

மூன்று வருஷமாக எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. திருநெல்வேலி ரயில் நிலையத்தில் எடுத்த போட்டோவைப் பேப்பரில் போட்டு, அடியில் ‘கபடி வீரர் மணிராஜ், தன் சமையல்காரருடன்’ என்று அச்சடித்துவிட்டார்கள். என் கையில் அரிசிப் பை இருந்தது வாஸ்தவம். அதற்காக நான் சமையல்காரன் ஆகிவிடுவேனா? நான் அவனோடு வடக்கே போனது அவன் பேச்சை அங்கேயும், அங்கத்துப் பேச்சை அவனுக்கும் சொல்ல. லாரி ஓட்டி ஓட்டி இந்தி பழகினவன் சேரன்மகாதேவி வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான். பேப்பரைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி பிரம்மநாயகி, “இங்கன ஒரு வெந்நி வைக்கத் தெரியல, இதுல பேப்பர்ல வேற” என்றாள். திருத்தம் போடச் சொல்லிப் பேப்பர் ஆபீஸுக்குப் போனேன். சின்ன விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மணிராஜ் எங்கள் தெருக்காரன். வாழைத்தார் சுமந்து உடம்பு தேறினவன். கபடியில் ஓரமாக நின்று, ‘கபடி கபடி’ என்று பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பான். அவன் பிடித்தால் உடும்பு பிடித்த மாதிரி. அதைப் பார்த்துத்தான் ஹரியானாப் பக்கத்து அணி ஒன்று, டிவியில் காட்டுகிற பந்தயங்களில் ஆடுகிற அணி, அவனை எடுத்தது.

செய்தி கேட்டதும் மணிமுத்தாற்றில் இருக்கிற அவன் தாய்மாமன் குற்றாலலிங்கம் ஒரு கண்டிஷன் போட்டார். “ஏழு பேருல ஒருத்தனா நின்னு ஒரு வருசம் முழுசா ஆடட்டும். நித்யாவைக் கட்டித் தாரேன். பெஞ்சைத் தேய்ச்சிட்டு வாரவனுக்கு எம்பொண்ணு எதுக்கு?” நித்யா அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மணிராஜுக்கு அடிக்கடி தலைவலி வரும். மாத்திரை வாங்க அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போவான்.

முகாமுக்குப் போன முதல் நாளே சிக்கல் ஆரம்பித்தது. உடை மாற்றும் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான். அங்கே இருந்தவர்கள் ஷூவோடு கட்டிலில் ஏறிப் படுக்கிறவர்கள். ஒருத்தன் எழுந்து வந்து, சாமியாரைக் கும்பிடுகிற மாதிரி மணிராஜின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அறையே சிரித்தது. இவன் பதறிப்போய் அவன் காலைத் திருப்பித் தொட்டான். இன்னும் சிரித்தார்கள். விடிந்தால் ஒரு சொம்பு பால், மத்தியானம் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. “அண்ணாச்சி, இவனுவ கன்னுக்குட்டியை என்னதான் செய்யுதானுவ?” என்று என்னிடம் கேட்டான். அதை நான் இந்தியில் சொல்லவில்லை.

பாலும் செருப்பும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். எங்கள் பக்கம் பந்தயத்தில் ஒருத்தனைப் பிடித்துச் சாய்த்தால், சாய்த்தவனே அவனைத் தூக்கிவிட்டு, முதுகில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட வேண்டும். எதிரே ஆடுகிறவன் மாமன் மகனாக இருப்பான், இல்லை அக்கா புருஷனாக இருப்பான். மண்ணோடு வீட்டுக்குப் போனால் அத்தை கேட்பாள், “பிடிச்சவனுக்குக் கை இல்லையாக்கும்?” என்று. தொடையைத் தட்டினால் எங்கள் ஊரில் அது ஆட்டமே இல்லை, வம்பு.

டிவிப் பந்தயம் நடப்பது ரப்பர் விரிப்பில். அதில் மண்ணேது? மணிராஜ் ஆறடி ஆளைப் பிடித்துக் கவிழ்ப்பான். பிறகு கை கொடுத்துத் தூக்குவான். பிறகு இல்லாத மண்ணை அவன் முதுகில் பைய, நோகாமல், அக்கறையாகத் தட்டிவிடுவான். கூட்டம் சிரிக்கும். பிடிபட்டவனுக்கோ, தோற்றதைவிட இதுதான் பெரிய அவமானம்.

கோச்சு என்னைக் கூப்பிட்டார். பெரிய மீசை, எட்டு ஊருக்குக் கேட்கிற தொண்டை. மணிராஜை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு டீ ஆறுகிற நேரம் கத்தினார். பிறகு, சொல்லு என்று என்னைப் பார்த்தார்.

“தொடையைத் தட்டணுமாம்லே” என்றேன்.

“அவ்வளவு நேரம் பேசுனாரு. இவ்வளவுதானா?”

“மிச்சம் உங்க அம்மாவைப் பத்தி. நான் உங்க அம்மாட்ட சொல்லிக்கிடுதேன்.”

பையன் யோசித்தான். “பிடிச்சுட்டேன். பிடிச்சதே போதாதா அண்ணாச்சி? தட்டி வேற காட்டணுமா?”

போதாதாம். எதிரி பயப்பட வேண்டும், கூட்டம் எழுந்து கத்த வேண்டும், இவன் என்ன முடிவெட்டுகிற கடைக்காரனா துண்டை உதறி அனுப்ப, என்றார் கோச்சு. இதை அப்படியே சொன்னேன். இவன் கேட்கவில்லை. இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு பொங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. சப்பாத்தி ஒத்துக்கொள்ளாத வயிறு எங்கள் இரண்டு பேருக்கும்.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் நித்யா போன் போட்டாள். “அத்தான், டிவியில உங்களைத் தேடித் தேடிக் கண்ணு வலிக்கு. கேமரா பெஞ்சுப் பக்கம் வரவே மாட்டேங்கு. அப்பா வேற இடம் பாக்காரு.”

அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பட், பட் என்று சத்தம். பக்கத்து அறைக்காரன் வந்து, மதராஸிகள் இவ்வளவு துணி துவைப்பார்களா என்று என்னிடம் கேட்டான். வெளியே வந்தபோது மணிராஜின் தொடை மிளகாய்ப் பழமாக இருந்தது. முகம் கோயில் உண்டியலை உடைத்தவன் முகம்.

அந்த வருஷம் முழுக்க ஆடினான். பிடிப்பான், கவிழ்ப்பான், விழுந்தவன் தலைமாட்டில் நின்று தொடையைத் தட்டி ஒரு உறுமல் உறுமுவான். கூட்டம் எழுந்து நின்றது. கோச்சு கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தார். முதல் நாள் காலைத் தொட்டுக் கேலி செய்தவன் இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டான். இந்தியும் வந்துவிட்டது, அம்மாவைப் பற்றின பகுதி உட்பட. மணிமுத்தாற்றில் குற்றாலலிங்கம் டிவி முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை தட்டும்போதெல்லாம் தானும் தொடையைத் தட்டினார் என்று கேள்வி. மாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தோம். எங்கள் ஊருக்கும் மணிமுத்தாற்றுக்கும் வழக்கமான பந்தயம். ஆற்று மணல் பரப்பின களம். முன்வரிசை நாற்காலியில் குற்றாலலிங்கம். அவர் மகன் தேவேந்திரன், நித்யாவின் அண்ணன், பாடி வந்தான். மணிராஜ் கணுக்காலைப் பிடித்தான். தேவேந்திரன் சுழன்று மல்லாக்க விழுந்தான். அந்த நொடியில் இவன் நிமிர்ந்தான், தட்டினான், உறுமினான்.

எங்கள் ஊர்க்காரர்களே கைதட்டத் தூக்கின கையை இறக்கிக்கொண்டார்கள். இவன் கை தொடையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. தேவேந்திரன் தானாகவே எழுந்து, முதுகு நிறைய மண்ணோடு வெளியே நடந்தான்.

குற்றாலலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் ஓடிப்போய், “அண்ணாச்சி, அது அங்கத்துப் பழக்கம். கை தானா செஞ்ச வேலை” என்றேன்.

“அங்கன எவனைப் பாத்தும் தட்டட்டும் வே. என் வீட்டுப் பிள்ளையைப் பாத்தா தட்டுதான்? மாசியும் இல்ல, பங்குனியும் இல்ல” என்று போய்விட்டார். மணிராஜ் மணிமுத்தாற்றுக்குப் போய் மூன்று நாள் அவர் வாசலில் நின்றான். கதவு திறக்கவில்லை. நித்யாவின் போன் அவர் கையில் இருந்தது.

முகாமுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. ரயில் நிலையத்தில் அரிசிப் பையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டான்.

“நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி. அங்கன எனக்குப் பேச ஆளு தேவையில்ல. இங்கனதான் தேவைப்படுது.”

“நான் என்னலே பேச?”

“ஒண்ணும் பேச வேண்டாம். தேவேந்திரன் முதுகுல மண்ணு இருந்துச்சு. நான் தட்டிவிடல. நீங்க போயித் தட்டிவிட்டுட்டு வாங்க.”

“அவன் அன்னைக்கே குளிச்சிருப்பாம்லே.”

“குளிச்சா குளிச்சுட்டுப் போறான்” என்றான், ரயில் நகர நகர. “மாமா முன்னால வச்சுத் தட்டுங்க அண்ணாச்சி. பைய.”