போக மட்டும் ஒரு டிக்கெட்

மூலக்குளத்தில் நான் டிக்கெட் கடை வைத்திருந்தபோது மடுகரையிலிருந்து ஒருவர் வந்தார். கரும்பு போடுகிறவர். நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம், முழங்கைவரை மடித்த வெள்ளைச் சட்டை. யோசிக்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்வார்.

“பார்சிலோனாவுக்கு ஒரு டிக்கெட் போடும்மா. போறதுக்கு மட்டும். கம்மி வெலையா பாரு” என்றார். அவருடைய மகள் பயணிகள் கப்பலில் நர்ஸ். பார்சிலோனாவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போகும் அந்தக் கப்பலில் அப்பாவுக்கும் இடம் வாங்கியிருந்தாள். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டும் அவள் பொறுப்பு.

தேடிப் பார்த்தேன். போக மட்டும் எடுத்தால், போய்வர எடுப்பதைவிட விலை அதிகம்.

“இன்னாம்மா அநியாயம் இது!” என்று திகைத்துப்போனார்.

எல்லோருக்கும் சொல்லும் வழியைச் சொன்னேன். “போய்வரவே எடுத்துடலாம்ணே. திரும்புறப்ப நீங்க ஏற வேணாம். சீட்டு காலியா வரட்டும்.”

கடிகாரத்தைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“வேணாம்மா. எங்கம்மா செத்தப்ப நான் துபாய்ல இருந்தேன். எல்லா பிளேனும் ஃபுல்லுன்னுட்டாங்க. நான் வூட்டுக்கு வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. என் பேர்ல ஒரு சீட்டைப் புடிச்சி வெச்சி காலியா வுட எனக்கு மனசு வரல.”

அதிக விலைக்கே வாங்கிக்கொண்டு போனார். அந்த வழியை எத்தனையோ பேருக்குச் சொல்லி, கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். ஒருவர்கூட அந்த இருக்கையைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் நினைத்ததில்லை.