மூன்று பூட்டுப் பெட்டி

எங்கள் வீட்டில் ஆபத்துக்கென்று பணம் சேர்த்த கதையைச் சொன்னால் என் மானம் போகும். போகிற மானத்தில் பாதி என் கணவருடையது என்பதால் தைரியமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் இந்தக் கன்னட ஊரில், எங்கள் சர்ச்சில் அவர் கமிட்டி உறுப்பினர். காணிக்கைப் பெட்டியைத் திறக்கும் இருவரில் ஒருவர். அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், இன்னொன்று மற்றொரு உறுப்பினரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். ‘உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்பதை இத்தனை மரியாதையாகச் சொல்கிற ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கொரோனா காலத்தில் இவருடைய அலுவலகத்தில் மூன்று மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. நான் பாடம் நடத்தும் தனியார் பள்ளியில் அந்தப் பாதியும் வரவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் இவர் அக்ரஹாரத்துக் கடைத்தெருவில் ஒரு தச்சரிடம் சொல்லி, சர்ச்சில் இருப்பதைப் போலவே ஒரு மரப்பெட்டி செய்து கொண்டுவந்தார். மேலே உறை போட ஒரு துவாரம், முன்பக்கம் இரண்டு பூட்டு. சர்ச்சில் மிச்சமிருந்த காணிக்கை உறைகளில் ஒரு கட்டும் கொண்டுவந்தார். அதற்குக் காசு கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

“ஒரு சாவி உனக்கு, ஒண்ணு எனக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாதான் திறக்கணும். உயிர் போற காரியம்னா மட்டும்.”

இதில் அவர் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. சர்ச்சில் இவருக்கும் அந்த இன்னொரு சாவிக்காரருக்கும் ஆகாது. நாங்கள் இருவரும் அப்படியில்லை. எங்களுக்குள் என்ன சண்டை வந்தாலும் செலவு என்று வந்துவிட்டால் நகமும் சதையும் போல ஒன்றாகிவிடுவோம். முதல் வருடம் தசரா வந்தது. எக்ஸிபிஷனில் மிளகாய் பஜ்ஜியும், ராட்டினமும், வரும் வழியில் ஒரு தோசைக்கல்லும். நான் தீர்மானத்தை முன்மொழிந்தேன், அவர் வழிமொழிந்தார், பெட்டி திறந்தது. அடுத்து கொள்ளேகாலில் அவருடைய நண்பர் ஒருவர், நெசவாளி வீட்டு விலைக்கே பட்டுப்புடவை வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த விலை இனிமேல் வராது, விட்டால் அது ஓர் ஆபத்துதானே? பெட்டி திறந்தது.

புடவையை நான் மடித்து வைப்பதை எங்கள் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. தமிழைவிடக் கன்னடம் நன்றாகப் பேசுவாள், இரண்டையும்விட நன்றாகக் கணக்குப் போடுவாள்.

“அம்மா, நீங்களும் அப்பாவும் ஒரே பார்ட்டி. ரெண்டு பூட்டு சும்னே, சும்மா தானே? மூணாவது பூட்டு போடுங்க. சாவி எங்கிட்ட இருக்கட்டும்.”

மறுக்க எங்களுக்கு முகமில்லை. மூன்றாவது பூட்டு வந்தது. அந்தச் சாவியை அவள் ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதன்பின் நாங்கள் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்: “யாராவது ஆஸ்பத்திரில இருக்காங்களா?” இல்லை என்போம். “அப்ப பேடா.” கன்னடத்தில் வேண்டாம் என்றுவிட்டால் அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்ததும் உறை போடும் சடங்கு நடக்கும். மேலே அப்பா, அம்மா, மகள் என்று எழுதிய மூன்று உறைகள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் குழந்தைகளுக்கு அவள் கன்னடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காசிலிருந்து அவளும் போடுவாள். பிறகு இவர் கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டிய நாள் எங்களுக்கு வரவே கூடாது” என்று மனமுருகி ஜெபிப்பார். அதற்குச் சத்தமாக ஆமென் சொல்வது நான்தான்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். மூன்றாவது பூட்டு வந்தபின் முதல் இரண்டு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ஒழுங்காகப் போட்டேன். மூன்றாம் மாதம் மகளுடைய கல்லூரிக் கட்டணம் (இங்கே பதினொன்றாம் வகுப்பே கல்லூரிதான்), கூடவே கேஸ் சிலிண்டர், என் பல் வைத்தியம் வேறு. ஞாயிறு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. மகளுக்கு முன்னால் உறை போடாமல் இருக்க முடியுமா? ஒரு துண்டுச் சீட்டில் ‘ஆயிரத்து ஐந்நூறு பாக்கி. அடுத்த மாதம் கட்டாயம்’ என்று எழுதினேன். உறை மெலிசாகத் தெரிந்தது. துணிக்கடை விளம்பரத் தாளை நான்காக மடித்துக் கூட வைத்தேன். கனமாக, கௌரவமாக விழுந்தது.

அடுத்த மாதம் மூவாயிரமாகப் போட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். அடுத்த மாதத்துக்கு அதன் செலவு அதற்கு இருந்தது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அவர் போடுகிறாரே, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அவருடைய உறை என்னுடையதைவிடத் தடியாக இருக்கும். பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியில் அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பித்தப்பையில் கல், இன்று மதியமே ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். முன்பணமாக நாற்பதாயிரம் கட்டச் சொன்னார்கள். அலுவலகக் காப்பீடு இருந்தது. ஆனால் நாம் கட்டிய பிறகு பில்லைக் காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும்.

மகள் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினாள். பயத்தில் முகம் வெளுத்திருந்தாலும் குரலில் ஒரு பெருமை.

“இப்பதான் அம்மா, எமர்ஜென்ஸி. பெட்டில இருக்கு அல்வா?” பதற்றத்தில் ‘அல்லவா’ அவளுக்குக் கன்னடத்தில்தான் வந்தது.

கட்டிலில் முனகிக்கொண்டிருந்தவர் சட்டென்று முனகலை நிறுத்தினார். “பெட்டி வேண்டாம். உன் தம்பியைக் கேளு” என்றார் என்னிடம்.

“என்னப்பா, இதுக்குத்தானே சேத்தோம்?”

“என் சாவி எங்க வெச்சேன்னு ஞாபகமில்ல.”

அவள் அவருடைய பேண்ட் பையிலேயே கைவிட்டு எடுத்துவிட்டாள். அவர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் கிடந்தார். வலிதான் என்று நினைத்தேன். சேமிப்பைக் கரைக்க மனசு வரவில்லை, எவ்வளவு நல்ல மனிதர் என்றும் நினைத்துக்கொண்டேன்.

“நீ அப்பாகூட இரு. நான் போய் எடுத்துட்டு வரேன்” என்று இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டேன். அவர் போட்ட பணத்தை நான் எடுத்துக்கொண்டு, என் சீட்டுகளை அடுப்பில் போட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியாது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் கனமே இல்லை, வழியெல்லாம் பயம்.

வீட்டில் பெட்டியைத் தரையில் வைத்து மூன்று பூட்டையும் திறந்தேன். முதலில் அவருடைய தடித்த உறை ஒன்றைக் கிழித்தேன். உள்ளே பழைய சர்ச் அறிக்கைத் தாள், மடித்து மடித்து. நடுவில் ஒரு சீட்டு: ‘ஸ்கூட்டர் டயர். அடுத்த மாதம் இரட்டிப்பாகப் போடுகிறேன்.’ அடுத்த உறை: ‘என் தம்பி கேட்டான். அவளுக்குத் தெரிய வேண்டாம். அடுத்த மாதம் இரட்டிப்பு.’ அதற்கடுத்தது: ‘மீன் நிறைய வைக்கிறாள். மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் நிச்சயம்.’

கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரு மனைவி இப்படிச் சிரிக்கக் கூடாது. தனியாக, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த ஜெபத்தின் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது.

எங்கள் இருவர் உறைகளிலும் நிஜப் பணம் என்று தேறியது ஐயாயிரத்துச் சொச்சம். அதன்பின் மகளின் உறைகளைப் பிரித்தேன். இருநூறு, முந்நூறு, ஒரு மாதம் ஐந்நூறு. ஒரு உறைகூட வெறுமையாக இல்லை. அவளுடையது மட்டும் ஆறாயிரத்து இருநூறு. ஒரே ஒரு உறையில் நூறு ரூபாய்த் தாளோடு ஒரு சீட்டும் இருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத வராது. கன்னட எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாள்.

‘இந்த மாசம் நூறுதான். குழந்தைங்க ஊருக்குப் போயிட்டாங்க. அம்மா அப்பா உறை எவ்வளவு தடியா இருக்கு. என்னோடது மட்டும் மெலிசா இருக்கு. வெக்கமா இருக்கு. சாரி.’

சிரிப்பு நின்றுவிட்டது. துணிக்கடை விளம்பரத்துக்கு முன்னால் என் பிள்ளை வெட்கப்பட்டிருக்கிறாள். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

வழியில் நகைக்கடன் கடையில் என் சங்கிலியை வைத்துப் பணத்தைக் கட்டினேன். மதியம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே பெஞ்சில் அவள் கேட்டாள், “பெட்டில சரியா இருந்துதா அம்மா?” இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் வெறுங்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து சீட்டுகளை எல்லாம் எடுத்து அவள் மடியில் வைத்தேன். என்னுடையதையும்தான்.

எங்கள் தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு எழுந்து அப்பாவின் கட்டிலருகே போய் நின்றாள். அவருக்கு மயக்கம் தெளிந்து ஒரு மணி நேரமாகிவிட்டது என்று நர்ஸ் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். மனிதர் கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் கையில் இருந்த சீட்டு சரசரத்ததும் இமை மட்டும் துடித்தது.

அதற்கடுத்த மாதம், முதல் ஞாயிறு. சாப்பாடு முடிந்து உறையை ஒட்டப் போனேன். அவள் கையை நீட்டினாள்.

“ஒட்டாதீங்க. முதல்ல காட்டுங்க.”

காட்டினேன். மருந்துச் செலவும் சங்கிலிக்கு வட்டியும் போக, நூறு ரூபாய்தான் இருந்தது. அவருடையதிலும் நூறுதான். தலையைக் குனிந்துகொண்டோம். அவள் எங்கள் உறைகளை வாங்கி, தானே ஒட்டி, தன்னுடையதோடு சேர்த்துத் துவாரத்தில் போட்டாள்.

“மெலிசா இருந்தா பரவால்ல அம்மா” என்றாள்.

அன்று ஜெபத்துக்கு என்னால் சத்தமாக ஆமென் சொல்ல முடியவில்லை.